அமுக்கரா பொடியா, ஞாயித்துக்கிழமை போன் காலா? நாப்பத்தேழு வயசு டென்ஷனுக்கு எது கேக்குது

பையன் பிளஸ் டூ, மாமியாருக்கு முட்டி வலி, ஆபீஸ்ல ஆடிட், இதுக்கு நடுவுல ராத்திரி மூணு மணிக்கு யாரோ தட்டி எழுப்பின மாதிரி முழிப்பு வந்துடும், அப்புறம் பால்காரர் வர்ற வரைக்கும் ஃபேனைப் பாத்துட்டே படுத்திருப்பேன். இதை யார்கிட்ட சொன்னாலும் ரெண்டே பதில்தான். ஒண்ணு "அமுக்கரா சாப்பிடு". இன்னொண்ணு "செய்யவேண்டியதை எழுதி வெச்சு வாராவாரம் யார்கிட்டயாவது கணக்கு சொல்லு". ரெண்டையும் செஞ்சு பாத்தாச்சு. பொடி மூணு மாசம் ஓடிச்சு, கணக்கு இப்ப எட்டாவது மாசம்.

முதல்ல பொடி. அமுக்கரான்னா அஸ்வகந்தாதான், வேற ஒண்ணும் இல்ல. கத்தரிக்காய் குடும்பத்துச் செடி, வேர்ல குதிரை வாடை அடிக்கும்னு வடமொழில அந்தப் பேரு. சித்த மருந்துக் கடைல வாங்கற அமுக்கரா சூரணம் வெறும் வேர்ப்பொடின்னு ரொம்ப நாளா நெனச்சிருந்தேன். டப்பாவைத் திருப்பிப் பாத்தாதான் தெரியுது, கிராம்பு, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு எல்லாம் இருக்கு, சர்க்கரையும் இருக்கு, அதுவும் சும்மா ருசிக்குப் போட்ட அளவு இல்ல. சுகர் இருக்கறவங்க பால்ல கலக்கி ராத்திரி ராத்திரி குடிக்கறதுக்கு முன்னாடி இதைக் கவனிக்கணும்.

காப்ஸ்யூல் வேற கதை. அதுல இருக்கறது வேரோட எக்ஸ்ட்ராக்ட், அதாவது சாறு எடுத்து செறிவாக்கினது. விளம்பரத்துல எல்லாம் "கார்டிசால் 28 சதவீதம் குறையும்"னு போடறாங்களே (கார்டிசால்ங்கறது டென்ஷன்ல ஏறற ஹார்மோன்), அது 2012ல இந்தியாவுலயே செஞ்ச ஒரு ஆய்வுல வந்த நம்பர். 64 பேர், 60 நாள், 300 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட் ரெண்டு வேளை. டென்ஷன் ஸ்கோரும் நல்லாவே குறைஞ்சிருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா 64 பேரு, ரெண்டே மாசம், அதுவும் எக்ஸ்ட்ராக்ட். அந்த நம்பரைக் காட்டி என் டம்ளர் பாலுக்குள்ள போற ஒரு ஸ்பூன் சூரணத்துக்கு நியாயம் சொல்ல முடியாது.

எனக்குக் கேட்டுச்சான்னா, தூக்கத்துக்குக் கேட்டுச்சு. ரெண்டாவது வாரக் கடைசில இருந்து மூணு மணி முழிப்பு வாரத்துல ரெண்டு நாளா குறைஞ்சுது. ஆனா அம்மா வீட்டுப் பட்டா பேர் மாத்தற வேலை, கண் செக்கப், பையனுக்கு லோன் விசாரிக்கறது, எல்லாம் இருந்த இடத்துலயே இருந்துச்சு, நல்லாத் தூங்கி எழுந்து அதே பட்டா பேப்பரைப் பாத்து அதே மாதிரி அடிவயிறு கலங்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம்தான் வினை. நான் ஆறு வருஷமா தைராய்டு மாத்திரை போடறவ. பொடி குடுத்தவங்க கேக்கல, நானும் சொல்லல, மூலிகைதானேன்னு ஒரு நெனப்பு. மூணாவது மாசம் சும்மா உக்காந்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சு, ப்ளட் டெஸ்ட் எடுத்தா டி.எஸ்.ஹெச் ரொம்பக் கீழ போயிருக்கு, அது கீழ போனா உடம்புல தைராய்டு ஹார்மோன் ஜாஸ்தியாயிடுச்சுன்னு அர்த்தம். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "புதுசா என்ன சாப்பிடறீங்க?"ன்னுதான். அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனை ஏத்திவிடலாமாம், மாத்திரை போடறவங்களுக்கு அது டபுள் டோஸ் மாதிரி ஆயிடலாம், உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா நிறுத்துங்கன்னுட்டாரு. நிறுத்தினேன். இது போக சிலருக்கு கல்லீரல் பாதிச்ச கேஸும் பதிவாகியிருக்கு, கர்ப்பமா இருந்தா தொடவே கூடாது, தூக்க மாத்திரை போடறவங்களுக்கு மயக்கம் கூடும். டென்மார்க்ல 2023ல தடையே பண்ணிட்டாங்க. நம்ம ஆயுஷ் அமைச்சகம் 2021ல வேரை மட்டும் எடுங்க, இலையைச் சேர்க்காதீங்கன்னு கம்பெனிகளுக்குச் சொன்னது, அதனால வாங்கறதா இருந்தா லேபிள்ல "வேர்"னு இருக்கான்னு பாருங்க.

இப்ப ஞாயித்துக்கிழமை போன். ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தி, வேற ஊர்ல இருக்கா. சாயங்காலம் ஏழு மணி, இருபது நிமிஷம். ஆளுக்கு மூணு வேலை நோட்டுல எழுதணும், அடுத்த ஞாயிறு செஞ்சேன், செய்யலன்னு ஒரு வார்த்தைல சொல்லணும், காரணம் கேட்டாதான் சொல்லணும். கதை பேசறது எல்லாம் அதுக்கப்புறம்தான்.

இதை ஏதோ வெளிநாட்டு கோச்சிங் டெக்னிக் மாதிரி காசு வாங்கிட்டு சொல்லித் தர்றாங்க, எனக்குச் சிரிப்பா வரும். எங்கம்மா மகளிர் குழுல இருந்தவங்க. தர்மபுரில 1989ல ஆரம்பிச்சு தமிழ்நாடு பூரா பரவின விஷயம் அது, வாரக் கூட்டம், நோட்டு, எல்லார் முன்னாடியும் கணக்கு. அம்மா குழுல வராதவங்களுக்கு ஃபைன் வேற. அம்மா ஜுரத்தோட கூட்டத்துக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கு, ஃபைன் அஞ்சு ரூபாய்க்குப் பயந்து இல்ல, நாலு பேரு கேப்பாங்களேன்னுதான்.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம் கொஞ்சம் பலமாவே இருக்கு. 2016ல 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஒரு பேப்பர், கிட்டத்தட்ட 20,000 பேர் கணக்கு. முன்னேற்றத்தை அப்பப்போ சரிபாக்கறவங்க இலக்கை எட்டறது கூடுது, அதை எழுதி வெச்சாலோ அடுத்தவங்ககிட்ட சொன்னாலோ இன்னும் கூடுதுன்னு வந்திருக்கு. ஆனா "யேல் யுனிவர்சிட்டில 3 சதவீதம் பேர் இலக்கை எழுதி வெச்சு மத்த எல்லாரையும் விட பணக்காரங்க ஆனாங்க"ன்னு ஒரு கதை சுத்துதே, 1953னு வருஷம் எல்லாம் போட்டு, அப்படி ஒரு ஆய்வே நடக்கல. அதைச் சொல்லி ஆரம்பிக்கற கோச்சுக்கு காசு கட்டாதீங்க.

யாரைப் பிடிக்கறதுங்கறதுலதான் எல்லாமே இருக்கு. முதல்ல வீட்டுக்காரர்கிட்ட சொல்லிப் பாத்தேன், ரெண்டாவது வாரமே "சொன்னியே, செஞ்சியா?"ன்னு அவர் கேக்கற தொனில சண்டை வந்துடுச்சு. காசு கட்டி ஒரு கோச், ஒரு மாசம், பாதி மெசேஜ் மெஷின் அனுப்பினதுன்னு அப்பட்டமா தெரிஞ்சுது. ஸ்டேட்டஸ்ல போடறது இருக்கறதுலயே மோசம், நாப்பது லைக் வந்தவுடனே செஞ்சு முடிச்ச திருப்தி வந்துடும். ஃப்ரெண்டுகிட்ட அது நடக்காது. "பட்டா என்னடி ஆச்சு?"ம்பா, நான் மழுப்பினா "சரி, புதன்கிழமை எத்தன மணிக்குப் போற?"ம்பா. அந்தப் பட்டா ஆறாவது வாரம் முடிஞ்சுது, ரெண்டு வருஷமா இழுத்தது. "டென்ஷனைக் குறைக்கணும்"னு எழுதினா மட்டும் அவ ஒத்துக்கவே மாட்டா, அதுக்கு செஞ்சேன் செய்யலன்னு என்ன பதில் சொல்றது?

இதுலயும் குறை இருக்கு. ஒண்ணுமே செய்யாத வாரம் ஞாயிறு மதியமே வயித்தைப் பிசையும், ஒரு தடவை பொய்யும் சொல்லிட்டேன், அது பட்டா டென்ஷனை விட பெரிய டென்ஷன். முக்கியமா தூக்கத்துக்கு இது ஒண்ணும் பண்ணல, பொடியை நிறுத்தினதும் மூணு மணி முழிப்பு திரும்ப வந்துடுச்சு. லேடி டாக்டர்கிட்ட போனப்போ மாதவிடாய் நிக்கப் போற நேரத்துல இப்படித்தான்னு சொல்லி அதுக்குத் தனியா பாக்கறாங்க. இதை லிஸ்ட் போட்டு முடிக்க முடியாது, நாமளா பொடி வாங்கி மூடி வைக்கவும் கூடாது.

அதனால என் ஓட்டு போனுக்குத்தான், வேலை தேங்கிக் கிடக்கறதுதான் உங்க பாரம்னா யோசிக்கவே வேணாம், செலவும் கிடையாது. லிஸ்ட் எல்லாம் சரியா இருக்கு, தூக்கம் மட்டும்தான் இல்லன்னா சித்த மருத்துவர்கிட்ட நேர்ல போய், போடற மாத்திரை மொத்தத்தையும் சொல்லி, தைராய்டும் லிவரும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டு அமுக்கராவுக்குப் போங்க. ரெண்டையும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சா எது கேட்டுச்சுன்னே தெரியாமப் போயிடும்.

என் இந்த வார நோட்டுல முதல் வரி டி.எஸ்.ஹெச் ரிப்பீட் டெஸ்ட். போன வாரமும் அதேதான் முதல் வரி, அவ இன்னும் மறக்கல.