பிராக்ஸ்மாக்ஸ்: குளோனா, டெம்ப்ளேட்டா? எங்கள் லேப் அனுபவம்

பிராக்ஸ்மாக்ஸ் என்பது ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் மெஷின்களை (விஎம்) ஓட்டும் மென்பொருள். அதில் ஒரு விஎம்மை நகலெடுக்க இரண்டு வழி: முழு வட்டையும் தனியாக நகலெடுப்பது ஃபுல் குளோன். டெம்ப்ளேட் என்னும் பூட்டிய அச்சின் வட்டைப் பகிர்ந்துகொள்வது லிங்க்டு குளோன். லேப் மாதிரி இடத்துக்கு டெம்ப்ளேட்டும் அதிலிருந்து லிங்க்டு குளோனும்தான். கணக்கு வழக்கு ஓடும் மெஷினுக்கு ஃபுல் குளோன்தான். பிராக்ஸ்மாக்ஸ் இரண்டையும் காசு வாங்காமல் கொடுக்கிறது என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

காட்பாடி காந்தி நகரில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன மையத்தில் லேப் என் பொறுப்பு. குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். ஆளுக்கொரு சர்வர் கொடுக்க வசதி இல்லை. இருப்பது ஒரு பழைய சர்வர், அதில் ஒரு டிபி எஸ்எஸ்டி. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் இதே மாதிரி மென்பொருள் விற்கும் விஎம்வேரை வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர லைசன்ஸை நிறுத்தியபோது நாங்கள் பிராக்ஸ்மாக்ஸுக்கு மாறினோம். 2008-லிருந்து வந்துகொண்டிருக்கும் வியன்னா நிறுவனத்தின் மென்பொருள் இது. அடியில் டெபியன் லினக்ஸும், விஎம்களை ஓட்டும் கேவிஎம்மும்.

உபுண்டு போட்ட ஒரு விஎம்மில் 8 ஜிபி சரக்கு இருக்கிறது என்று வையுங்கள். முப்பது பேருக்கு ஃபுல் குளோன் போட்டால் 240 ஜிபி போய்விடும், நேரமும் போகும். அதே விஎம்மை டெம்ப்ளேட் ஆக்கிவிட்டு லிங்க்டு குளோன் போட்டால் சில நொடிகளில் ஒன்று தயார். மூல வட்டு பொது. பிள்ளைகள் எழுதுவது மட்டும்தான் தனியாக இடம் பிடிக்கும். ஆனால் இது பொதுச் சுவர் வைத்துக் கட்டின வீடு. லிங்க்டு குளோன் ஒன்று உயிரோடு இருக்கும்வரை டெம்ப்ளேட்டை அழிக்க விடாது. மூல வட்டு கெட்டால் எல்லாம் சேர்ந்து போகும். எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் எல்விஎம்-தின் சேமிப்பு வைத்திருப்பவர்கள் இடத்தையும் கண்காணிக்க வேண்டும். அது நிரம்பினால் எல்லா மெஷினும் எழுத முடியாமல் திணறும்.

டெம்ப்ளேட் ஆக்குவது ஒருவழிப் பாதை. ஆக்கிய பிறகு அதை ஸ்டார்ட் செய்ய முடியாது. அதனால் ஆக்குவதற்கு முன் செய்யும் சுத்தம்தான் உண்மையான வேலை. மெஷினின் அடையாள எண் இருக்கும் மெஷின்-ஐடி கோப்பைக் காலி செய்யுங்கள், தூரத்திலிருந்து உள்ளே வருகிறவர்களுக்குச் சர்வரை அடையாளம் காட்டும் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவிகளை அழியுங்கள். குளோனுக்குப் நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் முகவரி புதிதாகத் தானாக வந்துவிடும். ஆனாலும் உபுண்டு சர்வர், ஐபி முகவரி கொடுக்கும் டிஎச்சிபியிடம் மெஷின்-ஐடியை வைத்துத்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறது. அதை விட்டுவிட்டால் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஐபி வந்து நிற்கும். எந்தக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாலும் காரணம் தெரியாது. மெஷின் முதலில் எழும்போது அதற்கான அமைப்புகளைப் போட்டுவிடும் கிளவுட்-இனிட் வட்டு ஒன்றைச் சேர்த்துவிட்டால் பெயர், சாவி, ஐபி எல்லாம் குளோன் போட்ட பிறகே கொடுக்கலாம். எனக்கு இந்த மென்பொருளில் ரொம்பப் பிடித்தது இதுதான். விண்டோஸ் என்றால் இந்தச் சுத்தத்துக்கு அதன் சொந்தக் கருவியான சிஸ்பிரெப் ஓட்டியே ஆகவேண்டும்.

அப்டேட் போடுவதுதான் கொஞ்சம் சுற்றுவழி. டெம்ப்ளேட்டை ஃபுல் குளோன் எடுத்து, அதில் அப்டேட் போட்டு, திரும்பச் சுத்தம் செய்து, புது டெம்ப்ளேட் ஆக்க வேண்டும். பெயரிலேயே மாதத்தை எழுதி வைக்கிறோம். பழையதில் படிக்கும் பிள்ளைகளின் பேட்ச் முடிந்ததும் அதன் குளோன்களை அழித்துவிட்டுப் பழையதையும் எடுத்துவிடுகிறோம்.

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் தன் கணக்கு சர்வருக்கும் இதே முறை போதுமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணா, ஃபுல் குளோனே போடுங்கள் என்றேன். வருஷக்கணக்கில் இருக்கப்போகும் மெஷின் வேறொன்றின் வட்டை நம்பி நிற்கக் கூடாது. இடம் சேமிப்பதைவிட அதுதான் அவருக்கு முக்கியம். ஏற்கெனவே லிங்க்டு குளோனில் ஓட்டுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. பேக்கப் எடுத்தால் வட்டு முழுவதும் அதில் வந்துவிடும். அதை ரீஸ்டோர் செய்தால் யாரையும் சாராத தனி மெஷினாகவே எழும்.