தனி ஆளாய்ப் பாய் ஏற்றுவோருக்கு: சன்ஃபிஷா, லேசரா?

வட கரோலினாவின் ஜோர்டன் ஏரியில் ஒரு கோடைக்காலம் முழுவதும் நண்பரின் லேசர் என்ற சிறிய பாய்மரப் படகில் பழகிவிட்டு, சொந்தமாக வாங்கும்போது அதே வகைச் சிறு படகான சன்ஃபிஷ் ஒன்றைத்தான், பழையதாக வாங்கினேன். நான் பெரும்பாலும் தனியாகவே ஏரிக்குப் போகிறவன். பாயைக் கட்டி ஏற்றவும் இறக்கவும் கற்றுக்கொண்ட நாள்களில் அறிந்தவற்றை வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டின் நீளமும் 4.2 மீட்டரை ஒட்டியது. பாயின் பரப்பு 7 சதுர மீட்டர் அளவில் இருக்கும். சன்ஃபிஷ் 1950களில் கனெக்டிகட்டில் பிறந்தது. புரூஸ் கிர்பி வரைந்த லேசர் 1970களின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்து, 1996 முதல் ஒலிம்பிக் போட்டிகளிலும் இடம்பெற்றது. வேகத்தில் லேசரே முந்தும் என்பதில் இரண்டு கருத்து இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கயிறு. பாயை மேலே இழுக்கும் அந்தக் கயிற்றை ஹேலியர்டு என்பார்கள். நம் கடலோரத் தமிழில் அதற்கு ஆஞ்சான் என்று பெயர். சன்ஃபிஷில் ஆஞ்சான் உண்டு, லேசரில் கிடையாது.

லேசரில் பாயின் முன்விளிம்பு நீண்ட உறையாகத் தைக்கப்பட்டிருக்கும். இரு துண்டுகளான பாய்மரத்தைப் பொருத்தி, அதன்மேல் அந்த உறையை மாட்டி, ஏறத்தாழ 6 மீட்டர் உயரமுள்ள மரத்தைப் பாயோடு சேர்த்துத் தூக்கித் தளத்துத் துளைக்குள் நேராக இறக்க வேண்டும். காற்றில்லாத காலையில் இது எளிய வேலை. காற்று வீசும்போது பாய் படபடத்து நம்மையும் சேர்த்து இழுக்கும். மரம் சாய்வாக இறங்கினால் துளையின் விளிம்பு நெரிபடும். நண்பர் படகின் முனையைக் காற்றை நோக்கிப் பிடித்துக்கொண்ட நாள்களில் சிரமம் தெரியவில்லை. தனியாகப் போன முதல் நாளிலேயே மூன்று முறை தூக்கி, மூன்று முறையும் கரையில் கிடத்தினேன். அதைவிடப் பெரிய சிக்கல், ஏற்றிய பாயைத் தண்ணீரில் இருந்தபடி இறக்க வழியில்லை என்பதுதான்.

சன்ஃபிஷின் முக்கோணப் பாயோ இரண்டு அலுமினியக் கழிகளுக்கு இடையே பிளாஸ்டிக் வளையங்களால் கோக்கப்பட்டது. மேற்கழி, நம் வள்ளங்களில் பாயைத் தாங்கும் பருமலுக்கு இணையானது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமே உள்ள வெறும் மரத்தைக் கீழ்க்கழியின் வளையத்துக்குள் விட்டுத் துளையில் நட்டுவிட்டு, பாயைப் பிறகு ஆஞ்சானால் இழுத்து ஏற்றலாம். ஆஞ்சானின் ஒரு முனையை மேற்கழியில் கழியை இரு முறை சுற்றி இறுக்கும் கிளோவ் ஹிட்ச் முடிச்சாகப் போடுகிறோம். அந்த முடிச்சு விழும் இடமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தொடக்கத்தில் நான் அதைக் கழியின் உச்சியை நோக்கி அதிகமாகத் தள்ளிக் கட்டியதால் பாய் தாழ்ந்து நின்றது. படகைத் திருப்பும்போதெல்லாம் கீழ்க்கழி தலையில் இடித்தது. ஒரு வளையம் கீழே நகர்த்திக் கட்டியதும் பாய் உயர்ந்தது. சரியான இடம் கிடைத்தவுடன் அங்கே நாடா ஒட்டி அடையாளம் வைத்துவிடுவது நல்லது. ஆஞ்சானின் மறுமுனையைத் தளத்தில் உள்ள கண்ணி வழியாகக் கொண்டுவந்து தளத்துக் கொண்டியிலேயே கட்ட வேண்டும், மரத்தில் கட்டக் கூடாது. படகு கவிழ்ந்தால் மரம் துளையிலிருந்து நழுவாமல் பிடித்துக்கொள்வது இந்தக் கயிறுதான்.

ஜூலை மாதப் பிற்பகல் ஒன்றில் மேற்கே இடி முழங்கியபோது நான் ஏரியின் நடுவில் இருந்தேன். படகைக் காற்றுக்கு எதிரே திருப்பி ஆஞ்சானை அவிழ்த்தேன். பாய் மடியில் வந்து விழுந்தது. இரு கழிகளையும் சேர்த்துத் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றாலேயே சுற்றிக் கட்டிவிட்டு, துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தேன். லேசரில் இருந்திருந்தால், படபடக்கும் பாயோடுதான் கரை வரை போராடியிருப்பேன்.

லேசருக்கு உரியதையும் சொல்ல வேண்டும். பலத்த காற்றில் அதன் பாயை மரத்தைச் சுற்றி ஓரிரு சுற்றுச் சுருட்டிச் சிறிதாக்கலாம். உடல் எடை குறைந்தவர்கள் கீழ் மரத்தை மட்டும் மாற்றிச் சிறிய பாய் போடலாம். சாதாரண சன்ஃபிஷ் பாயை அப்படிச் சுருக்க முடியாது. லேசரின் மரம் இரு துண்டுகளாகப் பிரிவதால் கார் கூரையில் ஏற்றுவதும் எளிது. சன்ஃபிஷின் 4 மீட்டர் கழிகள் முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும். நான் எந்தப் படகிலும் பந்தயத்துக்குப் போனதில்லை. ஆகவே போட்டியே நோக்கம் என்றாலும், கரையில் உதவ எப்போதும் ஒருவர் உண்டு என்றாலும், என் தேர்வை அப்படியே பின்பற்ற வேண்டாம். தனியாகப் போகிறவர் என்றால் பழைய சன்ஃபிஷைப் பார்க்கப் போகும்போது, விற்பவர் முன்னிலையில் பாயை ஒருமுறை முழுவதும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஆஞ்சான் மர உச்சியில் சிக்காமல் ஓடுகிறதா, தளத்துக் கொண்டி ஆடாமல் உறுதியாக நிற்கிறதா என்ற இரண்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.