டைப்பிங் வேலை கொடுத்துவிட்டு ‘கோர்ட் நோட்டீஸ்’ அனுப்புகிறார்கள். பயந்து பணம் கட்டிவிடாதீர்கள்!

வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை என்று விளம்பரம் பார்த்து போன் எண் கொடுத்தவர்கள் இதைப் படியுங்கள். ஏற்கெனவே வேலையை வாங்கி முடிக்க முடியாமல், இப்போது ‘வக்கீல்’ போன் செய்கிறார் என்று நடுங்கிக்கொண்டு இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். நான் இரண்டு நாள் சோறு இறங்காமல் அப்படி இருந்தேன்.

வேலைக்கு முன்பணம் கேட்டால் ஏமாற்று என்று எனக்கும் தெரியும். இவர்கள் முன்பணம் கேட்கவே இல்லை, அதனால்தான் நம்பினேன். போனில் பேசிய பெண் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினார். ஆறு நாளில் 600 ஃபாரம் அடித்துக் கொடுத்தால் 18,000 ரூபாய், நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டாம் என்றார். ஆதார், பான், போட்டோ, வெள்ளைத்தாளில் ஒரு கையெழுத்து கேட்டார். எல்லாம் அனுப்பினேன். மறுநாள் ஸ்டாம்ப் பேப்பர் மாதிரி ஓர் அக்ரிமென்ட் வந்தது. பதினோரு பக்கம், முழுக்க ஆங்கிலம். நான் அனுப்பிய கையெழுத்தை அவர்களே அதில் ஒட்டியிருந்தார்கள்.

பிள்ளை தூங்கிய பிறகு ராத்திரி இரண்டு மணி வரை அடித்தேன். பார்த்து அடிக்க வேண்டிய படங்கள் எல்லாம் மங்கல். பூஜ்யமா, ‘ஓ’ எழுத்தா என்று எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. 90 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. படத்தை மங்கலாக்குவதும் அவர்கள், திருத்தி மார்க் போடுவதும் அவர்கள். யார் அடித்தாலும் தேற முடியாது என்பது இப்போது புரிகிறது. ஐந்தாம் நாள் அவர்கள் தளமே திறக்கவில்லை. போன் செய்தால் “சர்வர் பிரச்சினை மேடம், ஆனா டைம் நீட்டிக்க முடியாது” என்றார் அதே பெண்.

71 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்த மறுநாள்தான் ‘வக்கீல்’ கூப்பிட்டார். கம்பெனிக்கு நஷ்டம், ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், 5,900 ரூபாய் கட்டினால் என்ஓசி (இனி ஆட்சேபம் இல்லை என்ற சான்று) தருகிறோம், இல்லாவிட்டால் 86,000 ரூபாய்க்கு வழக்கு, வீட்டுக்குப் போலீஸ் வரும் என்றார். வாட்ஸ்அப்பில் சம்மன் ஒன்று வந்தது. மேலே சிங்க முத்திரை, கீழே சீல், உள்ளே என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர், கதவு எண் வரை சரியாக இருந்தது. அதைப் பார்த்ததும் கை நடுங்கிவிட்டது. எல்லாமே நான் அனுப்பிய ஆதாரில் இருந்ததுதான் என்று அந்த நேரத்தில் தோன்றவில்லை.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மகளிர் குழுவுக்குக் கட்ட எடுத்து வைத்திருந்த பணத்தை அனுப்பினேன். என்ஓசி வரவில்லை. மறுநாள் காலை வேறொருவர் கூப்பிட்டு, ஃபைலை மூட இன்னும் 14,500 வேண்டும் என்றார். ஒரு தடவை கட்டியவரிடம் இவர்கள் நிறுத்தவே மாட்டார்கள். பயப்படுகிற ஆள் என்று தெரிந்துவிடுகிறது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஈரோடு கோர்ட்டில் ஜூனியர் வக்கீல். அழுதுகொண்டே அவனிடம் காட்டினேன். “அக்கா, இதுல கேஸ் நம்பர் எங்கிங்க?” என்றுதான் முதலில் கேட்டான். இருக்கவே இல்லை. தாக்கலான வழக்குக்கு 16 எழுத்தும் எண்ணுமாக ஒரு சிஎன்ஆர் நம்பர் இருக்கும், நீதிமன்றங்களின் இகோர்ட்ஸ் தளத்தில் அதைப் போட்டால் வழக்கு விவரம் வந்துவிடும் என்று காட்டினான். எந்த நீதிமன்றமும் யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்குப் பணம் போடச் சொல்லாது. கொடுத்த வேலையை முடிக்கவில்லை என்பது அதிகம் போனால் சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போகாது. ஏமாற்றி வாங்கிய ஒப்பந்தத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை என்று 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டமே சொல்கிறதாம். தண்டனை அவர்களுக்குத்தான்: கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் ஐடி சட்டம் 66டி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை.

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தெரிந்த வக்கீல் இல்லாதவர்கள் 15100-க்குப் போன் செய்யுங்கள், அது இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாகவே வக்கீல் வைத்துத் தருவார்கள்.

பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் யோசித்துக்கொண்டு இருக்காதீர்கள், உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்கி வைக்க முடியும். யுபிஐ பரிவர்த்தனை எண் கேட்பார்கள், எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியலாம். நான் மூன்று நாள் கழித்துத்தான் சொன்னேன். வெட்கம்தான் காரணம். அந்த அக்ரிமென்ட், சாட், போன் வந்த எண்கள் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் நான் பாதி சாட்டை அழித்துவிட்டு, புகார் எழுதும்போது தவித்தேன்.

ஆதாரை அனுப்பியவர்கள் ஆதாரின் அதிகாரப்பூர்வ செயலியில் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவு) பூட்டி வையுங்கள். உங்கள் பெயரில் யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நான் பார்த்தேன், என்னுடைய இரண்டு எண்கள் மட்டும்தான் இருந்தன. கடன் ஏதும் எடுத்திருக்கிறார்களா என்று சிபில் அறிக்கையையும் பார்த்தேன், இதுவரை ஒன்றும் இல்லை. மாதம் ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறான் தம்பி.

தம்பியிடம் பேசிய அன்று ராத்திரியே வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. “முதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல” என்று மட்டும் கேட்டார். குழுவுக்கு அவர்தான் பணம் கட்டினார். புகார் எண் கையில் இருக்கிறது, 5,900 இன்னும் திரும்ப வரவில்லை.