செத்த மாட்டை எண்ணாத காப்பீடு: வட கென்யக் கால்நடைப் பாலிசி குறித்த மதிப்பீடு

வட கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010 ஜனவரியில் விற்பனைக்கு வந்த குறியீட்டுவழிக் கால்நடைக் காப்பீடு, வேளாண் பொருளியலாளர்களே வடிவமைத்துக் களத்தில் இறக்கிய சேவைகளில் ஒன்று. பன்னாட்டுக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் கார்னெல் பல்கலைக்கழகம் உள்ளிட்ட கூட்டாளிகளும் இதை உருவாக்கினர். திட்டத்தை முன்னின்று நடத்திய கென்யப் பொருளியலாளர் ஆண்ட்ரூ மூடேக்கு 2016இல் நார்மன் போர்லாக் பெயரிலான கள ஆய்வு விருது கிடைத்தது. விருது ஒருபுறம் இருக்கட்டும். பணம் கட்டும் மேய்ப்பருக்கு என்ன கிடைக்கிறது என்பதே இங்கு கேள்வி.

வழக்கமான கால்நடைக் காப்பீடு இந்நிலத்தில் எடுபடாது. ஒட்டகங்களோடும் ஆடுகளோடும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும் கப்ரா, ரெண்டிலே மக்களின் கிடைக்கு ஆய்வாளரை அனுப்பி, இறந்த விலங்கைப் பார்வையிடச் செய்தால், அந்தச் செலவே இழப்பீட்டைத் தின்றுவிடும். ஆகவே விலங்கை விட்டுவிட்டு மேய்ச்சல் நிலத்தை அளந்தார்கள். செயற்கைக்கோள் காட்டும் தாவரப் பசுமையைக் கொண்டு, ஒரு வட்டாரத்தில் எத்தனை விழுக்காடு கால்நடைகள் மடிந்திருக்கும் என்று கணித்து, அந்தக் குறியீடு 15 விழுக்காட்டைத் தாண்டினால் பாலிசி எடுத்த எல்லோருக்கும் பணம் தரப்பட்டது. தன் மாட்டைக் கவனிக்காமல் விட்டவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது என்பது இந்த அமைப்பின் பெரிய சாமர்த்தியம்.

தொடக்கக் கட்டணத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மாடு ஓர் அலகு, பத்து ஆடுகள் சேர்ந்து ஓர் அலகு. அலகின் மதிப்பு 15,000 கென்ய ஷில்லிங். மானியம் போக ஆண்டுக்கு வடபகுதியில் 5.5 விழுக்காடு, அதாவது 825 ஷில்லிங்; வறட்சி சற்றுக் குறைந்த தென்பகுதியில் 3.25 விழுக்காடு. கணிப்பு 35 விழுக்காடு இழப்பைக் காட்டினால், முதல் 15 விழுக்காடு உரிமையாளர் தலையில் விழ, மீதி 20 விழுக்காட்டுக்கு அலகொன்றுக்கு 3,000 ஷில்லிங் வரும். 2011 வறட்சியின்போது முதல் இழப்பீடு உண்மையிலேயே கைக்கு வந்தது. அதைப் பெற்ற குடும்பங்கள் நெருக்கடியில் கால்நடைகளை விற்பதும் உணவைக் குறைப்பதும் குறைந்ததாக ஆய்வுகள் காட்டின.

குறை எங்கே என்றால், வட்டாரச் சராசரி பச்சையாக இருக்கும்போதே ஒரு குடும்பத்தின் மந்தை அழியக்கூடும். அப்போது சல்லிக்காசு வராது. நோய்க்கும் கொள்ளைக்கும் பலியான மாடுகளும் கணக்கில் சேரா. இதை முகவர் தெளிவாகச் சொல்லாவிட்டால், கட்டிய பணம் வீண் என்று வாங்கியவர் நினைப்பதில் தவறில்லை. சில பருவங்களில் பாலிசி விற்பனைக்கே வராமல் போனது நம்பிக்கையை மேலும் கெடுத்தது. நல்ல கணக்கு இருந்தும் கடை திறக்கவில்லை என்றால் யாருக்கு என்ன பயன்?

ஆயினும் பொருளியலாளர்கள் தங்கள் சரக்கையே சோதனைக்கு உட்படுத்தியதைப் பாராட்ட வேண்டும். 10 முதல் 60 விழுக்காடு வரையிலான தள்ளுபடிச் சீட்டுகளைக் குலுக்கல் முறையில் வழங்கி, எந்த விலைக்கு யார் வாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். பின்னர் ஒப்பந்தத்தையும் மாற்றினார்கள்: விலங்குகள் மடிந்த பிறகு ஈடு செய்வதற்குப் பதிலாக, தீவனம் குறையத் தொடங்கும்போதே பணம் கொடுத்து, மந்தையைக் காப்பாற்ற உதவும் ஏற்பாடு வந்தது. என் கணிப்பில், பாலிசியை வாங்கத் தகுந்ததாக ஆக்கியது இந்தத் திருத்தமே. வைக்கோலும் தண்ணீரும் விலைக்குக் கிடைக்கும் இடத்துக்கு அருகில் இருப்பவருக்கு இது நன்றாகப் பயன்படும். அத்தகைய சந்தையே இல்லாத தொலைவில் இருப்பவருக்குப் பயன் குறைவு.

2012இல் இது தெற்கு எத்தியோப்பியாவின் போரானாவுக்குப் பரவியது. 2015இல் கென்ய அரசு, தேர்ந்தெடுத்த ஏழைக் குடும்பங்களுக்கு ஐந்து அலகுகள் வரை முழுக் கட்டணத்தையும் தானே செலுத்தத் தொடங்கியது. இலவசமாகப் பெற்றவர்கள் ஆறாவது அலகுக்குச் சொந்தக் காசைக் கொடுக்கிறார்களா என்பதைக் கொண்டே இச்சேவையின் தரத்தை நான் அளப்பேன்.