கையில் அடிபட்டால்: கட்டி வைப்பதா, அசைத்துப் பழக்குவதா?

விரல் வீங்கினாலும் மணிக்கட்டு வலித்தாலும் இரண்டு விதமான அறிவுரை வரும். "அசைக்காதே, கட்டி வை" என்பது ஒன்று. "கட்டினால் விறைத்துப்போகும், மடக்கி நீட்டு" என்பது மற்றொன்று. இரண்டும் சரிதான், ஆனால் வெவ்வேறு காயங்களுக்கு. ஒரே விரலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மூட்டுகளுக்கே நேர் எதிரான சிகிச்சை தேவைப்படும்.

முதலில் நுனி மூட்டு. பந்து விரல் நுனியில் நேராகப் பட்டபின் நுனி தொங்கிக்கொண்டு, மறுகையால் தூக்கினால் மட்டும் நிமிர்கிறது என்றால், அதை நிமிர்த்தும் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) அறுந்திருக்கிறது, அல்லது எலும்புத் துணுக்கோடு பிய்ந்து வந்திருக்கிறது. இங்கே கட்டுவதுதான் வழி. நுனி மூட்டை மட்டும் நேராகப் பிடிக்கும் சிறிய ஸ்பிளிண்ட் 6 முதல் 8 வாரம் வரை இரவும் பகலும் இருக்க வேண்டும். அதன்பின் இன்னும் 2 முதல் 4 வாரம் தூங்கும்போது மட்டும் போதும்.

இது தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் குளியலறையில்தான். ஈரமாகிவிட்டதே என்று கழற்றும்போது நுனி ஒருமுறை மடங்கினால், புதிதாகக் கூடிய மெல்லிய தழும்பு நீண்டுவிடும். நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். கழற்றும்போது உள்ளங்கை கீழே இருக்கும்படி விரலை மேசைமேல் தட்டையாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிளிண்டை நுனிப்பக்கமாக உருவி, தோலைத் துடைத்து உலர்த்தி, விரலைத் தூக்காமலே திரும்பச் சொருகுங்கள். மூட்டின் மேல்தோல் வெளுத்துப் போனால் விரல் அளவுக்கு மீறிப் பின்னால் வளைந்திருக்கிறது என்று பொருள். அப்படியே விட்டால் புண்ணாகும். நடு மூட்டை மட்டும் தினமும் தாராளமாக மடக்கலாம், மடக்கவும் வேண்டும். எக்ஸ்ரேயில் பெரிய எலும்புத் துண்டு பிரிந்திருந்தாலோ மூட்டு விலகியிருந்தாலோ அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

நடு மூட்டு பின்பக்கமாக மடங்கிச் சுளுக்கிக்கொண்டால் கதை தலைகீழ். உள்ளங்கைப் பக்கச் சவ்வு நைந்திருக்கும். இதை மூன்று வாரம் ஸ்பிளிண்டில் அடைத்துவைத்தால் வலி போய்விடும், விரல் நிமிராது. அந்த விறைப்பை எடுக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும். மூட்டு நிலையாக இருக்கிறது என்று உறுதியானபின், பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுவதே மேல். விரல்களுக்கிடையே மெல்லிய பஞ்சோ துணியோ வைத்து, நடு மூட்டுக்கு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மூட்டின் மீது ஒட்டக் கூடாது. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒருமுறை பத்துத் தடவை மடக்கி நீட்ட வேண்டும். 3 முதல் 6 வாரத்தில் பட்டையை விட்டுவிடலாம். வீக்கம் மட்டும் பல மாதம் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி கட்டிவிடாதீர்கள்.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தவறவிடுவதுதான் பெரிய இழப்பு. நடு மூட்டை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம். விரலை மேசை விளிம்பில் 90 டிகிரி மடக்கி, நடு எலும்பை மேலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்த்த முயலச் சொல்லிப் பாருங்கள். நடு எலும்பு உந்தாமல், நுனி மட்டும் விறைப்பாக நிமிர்ந்தால் அறுந்திருக்கிறது. அப்போது நடு மூட்டு 6 வாரம் நேராகக் கட்டப்பட வேண்டும், நுனி மூட்டை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நுனி மூட்டுக் காயத்துக்குச் சொன்னதன் கண்ணாடிப் பிம்பம் இது.

கட்டைவிரல் பக்க மணிக்கட்டு வலிக்கு வருவோம். 1895இல் சுவிஸ் அறுவை மருத்துவர் டி குவெர்வெய்ன் விவரித்த இந்த நோயில், கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் தடித்த உறைக்குள் நெருக்கப்படுகின்றன. கைக்குழந்தையைக் கட்டைவிரல் விரித்துத் தூக்கித் தூக்கி வருவது இதற்கு நன்கு தெரிந்த காரணம். இதற்குப் போட்டியிடும் சிகிச்சைகள் மூன்று: ஸ்பிளிண்ட், ஸ்டீராய்டு ஊசி, பயிற்சி. ஸ்பிளிண்ட் மட்டும் என்பதைவிட ஊசி வேகமாக வேலை செய்யும்; இரண்டையும் சேர்த்துக்கொள்வதும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், கொழுப்பு குழியலாம்; சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். சிலருக்கு உறைக்குள் தடுப்புச்சுவர் இருந்து இரண்டு தசைநாண்களும் தனித்தனி அறையில் கிடக்கும். மருந்து ஓர் அறைக்கே போய் ஊசி பலிக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். ஸ்பிளிண்டில் நடக்கும் தவறு, கட்டைவிரலை விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் பிடிப்பதை வாங்குவது. அதனால் பயனில்லை. கட்டைவிரலின் அடி மூட்டுகளும் உள்ளே இருக்க வேண்டும், நுனி மூட்டு மட்டும் வெளியே.

பயிற்சி, வலி அடங்கிய பின்புதான். முன்கையை மேசையில் வைத்து, கட்டைவிரல் மேலே பார்க்க, கை விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரைக்கிலோ எடையை மறுகை உதவியோடு மேலே கொண்டுவந்து, நான்கு எண்ணும் நேரத்தில் மெல்ல இறக்குங்கள். பத்துத் தடவை, இரண்டு சுற்று. மறுநாள் வலி கூடினால் எடையைக் குறையுங்கள். கட்டைவிரலை உள்ளே மடக்கிச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்கும் சோதனையைத் தினமும் செய்துபார்ப்பது, ஆறிவரும் உறையை மீண்டும் இழுத்துப் புண்படுத்துவதுதான்.

இரவில் விரல் மரத்து எழுப்பினால், அதுவும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால், மணிக்கட்டுக் குகையில் நரம்பு நெரிபடுகிறது. ஒன்பது தசைநாண்களோடு ஒரு நரம்பும் செல்லும் குறுகிய வழி அது. சுண்டுவிரல் மரத்தால் பார்க்க வேண்டியது வேறு நரம்பை. இங்கே இரவு ஸ்பிளிண்ட்தான் முதல் தேர்வு, குறைந்தது 6 வாரம். ஆனால் கடையில் கிடைக்கும் பலவற்றின் உலோகத் தகடு மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்திருக்கும். குகைக்குள் அழுத்தம் மிகக் குறைவாக இருப்பது ஏறக்குறைய நேர்நிலையில். ஆகவே தகட்டை உருவி நேராக்கிவிட்டு அணியுங்கள். நரம்பை வழுக்கவிடும் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்ப வேண்டாம். பந்தைப் பிசைந்து பலம் ஏற்றுவது குகையின் அழுத்தத்தையே கூட்டும். கட்டைவிரல் மேடு வற்றினாலோ மரப்பு பகலிலும் நீங்காமல் இருந்தாலோ, ஸ்பிளிண்டில் நாளைக் கடத்தாமல் அறுவைக்குப் போக வேண்டும்.

கை ஊன்றி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்தால், கட்டுவதும் அசைப்பதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். மாவுக்கட்டு 5, 6 வாரம் இருக்கும். அதற்கு வெளியே உள்ள விரல்கள் முதல் நாளிலிருந்தே முழுமையாக மடங்கி நீள வேண்டும், தோளும் முழங்கையும் கூடத்தான். கட்டு உள்ளங்கை ரேகையைத் தாண்டி நீண்டு விரல்களை மடங்கவிடாமல் தடுத்தால், வெட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். வலி மேலும் மேலும் ஏறி விரல் வெளுத்தாலோ மரத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்க் கட்டைத் தளர்த்த வேண்டும். கட்டு அவிழ்த்தபின், பிறர் பிடித்து வளைப்பதைவிடத் தானே அசைப்பதே நல்லது. பலரும் மறப்பது உள்ளங்கையை மேலே திருப்புவதை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்துத்தான் அதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தோள் ஏமாற்றிவிடும்.

விழுந்தபின் எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது, ஆனால் கட்டைவிரலை உயர்த்தும்போது மணிக்கட்டில் விழும் குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால், சுளுக்கு என்று அசைக்கத் தொடங்காதீர்கள். அங்கிருக்கும் படகு வடிவ எலும்பின் முறிவு முதல் படத்தில் தெரியாமல் போகலாம். அதற்கு இரத்தம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவதால், கவனிக்காமல் விட்டால் முன்கைப் பக்கத் துண்டு உயிரற்றுப் போகலாம். முறிவு என்றே வைத்துக் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்க வேண்டும், அல்லது அதற்கு முன்பே எம்ஆர்ஐ.