மைலேஜ் எங்கே போகிறது? மதுரையில் ஒரு பழைய காரைச் சோதித்துப் பார்த்த அனுபவம்

அப்பாவின் கார் 2011-ல் வாங்கியது. சின்ன வண்டி, 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஆயிரம் ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் நூறு கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை, ரோடு கொஞ்சம் மோசமானால் முன்பக்கம் ‘கடக் கடக்’ என்கிறது என்று போன வருடத்திலிருந்தே போனில் சொல்லிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அதே ஆயிரத்துக்கு 150 வரை ஓடிய வண்டி. கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து வந்ததும் இந்த இரண்டுக்கும் ஒரு வழி பார்த்துவிடுவது என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊரில் அப்பா அம்மா பழைய கார் வைத்திருக்க, வெளிநாட்டில் உட்கார்ந்து கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் போனது ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்கு. வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து எஸ்டிமேட் நீட்டினார்கள். முன் ஷாக் அப்சர்பர் இரண்டு, லோயர் ஆர்ம் இரண்டு, லிங்க் ராடு, ஆக்சிஜன் சென்சார், ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் கிளீனிங். எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். இதில் உண்மையாகக் கெட்டுப்போனது எது என்று கேட்டேன். “பதினாலு வருஷ வண்டி மேடம், எல்லாத்தையும் மாத்திட்டா சத்தமும் போயிரும், மைலேஜும் வந்துரும்” என்று பதில் வந்தது. யோசித்துவிட்டுச் சொல்கிறோம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

பிரிட்டனில் மூன்று வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் எம்ஓடி சோதனை கட்டாயம். கம்பியை வைத்து நெம்பிப் பார்த்து, எந்தப் பக்கம், எந்த மூட்டில் ஆட்டம் இருக்கிறது என்று எழுதியே கொடுத்துவிடுவார்கள். அந்தச் சோதனைக்கென்றே தனிக் கட்டணம். இங்கே சொந்தக் காருக்கு ஆர்சி 15 வருடம்; அதுவரை சஸ்பென்ஷனை யாரும் தொட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒர்க்‌ஷாப்பிலும் பார்ப்பதற்கென்று கூலி வாங்கும் பழக்கம் கிடையாது, பொருளை மாற்றினால்தான் மெக்கானிக்குக்குக் காசு. அரை நாள் செலவழித்துப் பார்த்து “இது ஒண்ணுதான் போயிருக்கு” என்று சொல்கிற மனிதருக்கு அந்த அரை நாள் நஷ்டம். மதுரையில் நல்ல கைத்தொழில்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காதும் கையும் செய்கிற வேலைக்கு நாம் காசு கொடுக்காததால்தான் இப்படி நீளமான எஸ்டிமேட்டுகள் வருகின்றன என்று எனக்குப் படுகிறது.

ஆகவே அடுத்த ஒர்க்‌ஷாப்பில் பேச்சை வேறு மாதிரி ஆரம்பித்தேன். ஐயர் பங்களா பக்கம் உள்தெருவில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ராம்ப், இரண்டு பையன்கள். மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். “அண்ணே, இன்னைக்கு எதையும் மாத்த வேண்டாம். என்னன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அதுக்கு என்ன கூலியோ குடுத்துடுறேன்” என்றேன். “பாக்குறதுக்கு யாரும்மா காசு குடுக்குறா?” என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். 800 ரூபாய் என்று பேசிக்கொண்டோம். அப்புறம் அவர் வேலை பார்த்த விதமே வேறு.

முதல் காரியமாக டிக்கியைக் காலி செய்யச் சொன்னார். ஜாக்கி, அதன் கைப்பிடி, தண்ணீர் கேன் எல்லாம் இறங்கின. சஸ்பென்ஷன் சத்தம் என்று வருகிற வண்டிகளில் பாதிச் சத்தம் டிக்கியிலிருந்துதான் வரும் என்றார். பிறகு எங்களையும் ஏற்றிக்கொண்டு நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்துக்கு விட்டார். 2023-ல் திறந்த, ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம். பாலத்து இணைப்புகளில் வண்டி ஏறி இறங்கும்போது அதிர்வு இருந்தது, ‘கடக்’ இல்லை. இறங்கி, ரோட்டோரம் பெயர்ந்து கிடந்த இடத்தில் இடது சக்கரத்தை மட்டும் இறக்கி ஏற்றினார். உடனே ‘கடக் கடக்’.

காரணத்தை அவரே சொன்னார். முன் சக்கரங்கள் இரண்டையும் குறுக்கே இணைக்கிற கம்பி ஒன்று உண்டு, ஸ்டெபிலைசர் பார். பாலத்து இணைப்பில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதால் அது முறுக்கிக்கொள்ளாது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முறுக்கும், அந்த முறுக்கைத் தாங்குவது லிங்க் ராடு. அது தேய்ந்திருந்தால் இப்படித்தான் சத்தம் வரும். ஷாக் அப்சர்பர் போயிருந்தால் பாலத்திலேயே வண்டி ஆடிக்கொண்டே போயிருக்கும்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் ராம்பில் ஏற்றினார். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் லிங்க் ராடு இழுபட்டு நின்று ஆட்டத்தை மறைத்துவிடுமாம்; அதனால் நாலு சக்கரமும் பாரத்தோடு நிற்கும்போதே பார்த்தார். ஒரு பையன் மேலே வண்டியை ஆட்ட, கீழே நின்ற என்னிடம் “இங்க விரல வைங்கம்மா” என்றார். இடது லிங்க் ராட்டின் உருண்டை மூட்டில் விரல் வைத்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘டிக்’ என்று விரல் நுனியில் தட்டியது. வலது பக்கமும் லேசாக அப்படியே. பிரேக் பிடிக்கும்போது தனியாக ஒரு ‘டொக்’ வருகிறது என்று அப்பா சொன்னதற்கு, சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு பிணைக்கிற இடது லோயர் ஆர்மின் பின்பக்க ரப்பர் புஷ்ஷை நெம்பிக் காட்டினார். ரப்பர் கிழிந்து, நெம்புகிற போதெல்லாம் வாய் திறந்தது. வலது ஆர்ம் நன்றாக இருந்தது. முன் ஷாக் அப்சர்பர் இரண்டிலும் எண்ணெய்க் கசிவே இல்லை. 41,000-த்தில் பெரிய தொகை அந்த ஷாக் அப்சர்பர்களுக்குத்தான் போட்டிருந்தார்கள்.

சத்தத்தை இப்படிப் பிடித்தாயிற்று. மைலேஜ் லேசில் பிடிபடவில்லை.

ஊரில் யாரைக் கேட்டாலும் “எல்லாம் எத்தனால் பெட்ரோல்தாங்க” என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்காத பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டியில் 7 சதவீதம் போனால் 14 கொடுக்க வேண்டும். எங்கள் வண்டி 10 கொடுத்துக்கொண்டிருந்தது. மீதி நாலு வேறு எங்கோ போகிறது.

மெக்கானிக் டயரில் காற்று பார்த்தார்; கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருந்ததைவிட நாலிலும் குறைவு. வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைக் கையால் சுற்றினார். மூன்று எளிதாகச் சுற்றின, முன் வலது மட்டும் இழுத்துப் பிடித்தது. அப்பா வாரக்கணக்கில் வண்டியை எடுப்பதில்லை. பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கிற காலிப்பர் நகர்வதற்கான கம்பி, அதாவது ‘பின்’, காய்ந்து இறுகி, பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னைக் கழற்றித் துடைத்து, சிலிகான் கிரீஸ் போட்டார். சாதாரண கிரீஸ் போட்டால் அங்கிருக்கிற ரப்பர் ஊதிவிடும், அந்தக் கவனம் அவருக்கு இருந்தது.

அப்புறம் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகினார். எந்தக் கோளாறு எண்ணும் வரவில்லை. வேறு ஒருவராக இருந்தால் அதோடு கழற்றி வைத்திருப்பார். இவர் ஓடுகிற எஞ்சினின் அளவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே அழகர்கோவில் ரோட்டில் ஓட்டச் சொன்னார். ஆடி மாத மத்தியான வெயில், அனல் காற்று. அந்த வெயிலிலும் எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்டின் சூடு 64, 65 டிகிரியைத் தாண்டவில்லை. 80-க்கு மேல் இருக்க வேண்டிய எஞ்சின்! இந்தக் காரில் சூடு காட்டும் முள் கிடையாது, விளக்கு மட்டும்தான். அதனால் அப்பாவுக்குத் தெரிய வழியே இல்லை.

திரும்பி வந்து, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வான தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றினார். துருப்பிடித்த செந்நிறத் தண்ணீர் கொஞ்சம் வடிந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை. சில வருடங்களுக்கு முன் வண்டி ஒருமுறை சூடேறி நின்றபோது, வேறு ஒருவர் அந்த வால்வையே எடுத்துப் போட்டுவிட்டு, கூலன்டுக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றி அனுப்பியிருக்கிறார். “நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்கு” என்ற எண்ணம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து உங்கள் வீட்டு வண்டியில் இதைச் செய்ய விடாதீர்கள். வால்வு இல்லையென்றால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், எஞ்சின் தன் சூட்டுக்கு வராது. இன்னும் சூடேறவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கும். ஆயில் கெட்டியாகவே இருக்கும், தேய்மானமும் கூடும். அன்றைக்கு வண்டி ஏன் சூடேறியது என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் வேலை நடந்தது. இரண்டு லிங்க் ராடு, இடது லோயர் ஆர்ம், புது தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, கூலன்ட். லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி தரையில் இறங்கிய பிறகே கடைசியாக முறுக்கினார். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். கழற்றிய பொருளையெல்லாம் கேட்காமலே ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா என்று எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்து பார்த்தார். பேசிய 800, வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து மொத்தம் 8,000 ரூபாயை ஒட்டி வந்தது.

ஒரே பங்க்கில், தானாக நிற்கும் வரை டேங்க்கை நிரப்பி, அழகர்கோவில், மேலூர், ஊருக்குள் கடைகண்ணி என்று ஓட்டிவிட்டு மறுபடி நிரப்பிக் கணக்குப் பார்த்தோம். 14-க்குக் கொஞ்சம் குறைவு. அப்பா ஐயர் பங்களாவிலிருந்து தல்லாகுளம் வரை போய்த் திரும்புகிற சின்ன ஓட்டத்துக்கு இது வராது, எஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். அதை அவரிடம் சொல்லிவிட்டேன். முன்பக்கச் சத்தம் அறவே இல்லை. பின் ஷாக் அப்சர்பர் ஒன்றில் லேசான ஈரம் இருக்கிறது. 2026-ல் ஆர்சி புதுப்பிக்கப் போகும் முன் மாற்றினால் போதும், இப்போது காசைக் கொட்ட வேண்டாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதற்கு முன் வண்டியை ஒருமுறை ராம்பில் ஏற்றிப் பார்த்துவிடும்படியும், பார்க்கிற கூலியை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடும்படியும் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.