சித்தப்பாவின் படங்களும் சுங்கை சிப்புட் ஸ்டூடியோவும்

இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் ரயில், வங்கி, நில அலுவலகம் எல்லாம் ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்தன. ஆகவே அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதியே தீர வேண்டியது, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இருக்கும் ஒரு ஸ்டூடியோ, மறைந்த என் சித்தப்பாவின் படங்களுக்குக் கேட்காமலே செய்த உபகாரத்தைத்தான்.

சித்தப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். கித்தா (ரப்பர்) மரங்கள் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தாமான் என்ற குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்து, லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் இடிபடப் போகின்றன என்பது உறுதியானபோது, அவர் ஒரு சின்ன கெனான் இக்சஸ் கேமராவை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுவதையும் சுற்றி வந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, ரப்பர் பால் சேர்க்கும் பால் ஸ்டோர், மாரியம்மன் கோயில், ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு வாசல் என்று ஏறத்தாழ 700 படங்கள். செக்ரோல் என்ற வேலையாட்கள் வருகைப் பதிவேட்டை எழுதிப் பழகிய கை அல்லவா, எடுத்த படத்தைக் கேமராவின் சின்னத் திரையில் திருப்பிப் பார்த்து, அதன் மேல் தெரியும் எண்ணைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதி, எதிரே விவரத்தையும் எழுதி வைத்தார். ‘100-0217: மூன்றாவது லயம், கடைசி வீடு, பெரிய தண்டல் இருந்தது. முருங்கை மரம் பிறகு வெட்டப்பட்டது.’ தண்டல் என்பவர் தோட்டத்து வேலை மேற்பார்வையாளர். நோட்டு முழுவதும் இப்படித்தான்.

அந்த எண் அலங்காரத்துக்கு எழுதியதன்று. முன்னால் இருக்கும் 100 கார்டில் உள்ள கோப்புறையின் எண். பின்னால் இருக்கும் 0217 படத்தின் எண். கார்டில் அந்தப் படத்தின் பெயர் ஐஎம்ஜி_0217. லய வாசல்கள் எல்லாம் ஒரே தகரம், ஒரே சுண்ணாம்பு. எண் இல்லாமல் எது யார் வீடு என்று சொல்ல முடியாது. நிலநிதிக் கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகங்களையும் சித்தப்பா வரிசையாகப் படம் எடுத்திருந்தார். தோட்டத் தொழிலாளர்கள் பங்குப் பணம் போட்டுத் தோட்டங்களை வாங்குவதற்காக, எங்கள் ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய சங்கம் அது. அந்தப் புத்தகத்தைப் பெட்டியின் அடியில் வைத்துக் காத்த வீடுகள் எங்கள் தோட்டத்திலும் உண்டு. அட்டையை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எது யாருடையது என்று நோட்டு ஒன்றுதான் சொல்லும்.

நான் ஸ்டூடியோவில் கேட்டது இவ்வளவுதான்: கார்டில் உள்ளவற்றை அப்படியே ஒரு பென்டிரைவில் போட்டுத் தர வேண்டும். பதினைந்து வெள்ளி (ரிங்கிட்). அந்தக் கடையை நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. நூல் கட்டிய சீப்பும் பவுடர் டப்பாவும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில், கடைக்காரப் பெரியவர் ஒவ்வொரு நெகட்டிவ் உறையின்மேலும் பென்சிலால் எண் போட்டு அடுக்கி வைப்பார். ஐந்து வருடம் கழித்து ரசீதோடு போனாலும் அதே படத்தை மறுபடி கழுவித் தருவார். எண்ணால் பிழைத்த கடை அது.

மறுநாள் மாலை பென்டிரைவைத் திறந்தால், ‘தோட்டம் (1)’, ‘தோட்டம் (2)’ என்று கடைசிவரை ஒரே பெயர். எல்லாப் படங்களையும் ஒருசேரத் தெரிவு செய்து பெயர் மாற்றச் சொன்னால் விண்டோஸ் இப்படித்தான் அடைப்புக்குறி எண் போடும். அதுகூடப் பரவாயில்லை, எடுத்த வரிசையிலாவது இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. முதலில் வந்தவை எல்லாம் இலை அடர்ந்த காட்டுப் படங்கள். கடைசியில் வந்தவை ஆயாக்கொட்டகையின் இருட்டான உள்பக்கமும் வெறும் வானமும். சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது: நுணுக்கம் நிறைந்த படம் ஜேபெக் கோப்பில் அதிக இடம் பிடிக்கும், வெறிச்சென்ற படம் குறைந்த இடம் பிடிக்கும். கடைக் கணினியில் கோப்புகள் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தபோது பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

“பேரு எல்லாம் கன்னாபின்னான்னு நம்பரா இருந்துச்சு அங்கிள், அதான் அழகா மாத்திட்டோம்,” என்றார் கல்லாவில் இருந்த தம்பி. இருண்ட படங்கள் சிலவற்றை வெளிச்சமாக்கியும் இருந்தார்கள், காசு வாங்காமல். கார்டையும் ஃபார்மெட் செய்து, அது வேலை செய்கிறதா என்று பார்க்கக் கடைச் சுவரில் இருந்த நாள்காட்டியையும் மின்விசிறியையும் படம் எடுத்துச் சோதித்திருந்தார்கள். மாற்றிய கையோடு கன்ட்ரோலையும் இசட்டையும் அழுத்தியிருந்தால் பழைய பெயர்கள் திரும்பியிருக்கும். ஆனால் இரவு கணினியை அணைத்து, காலையில் கோப்புறையையும் அழித்தாகிவிட்டது.

நான் வசிக்கும் மெல்பர்னில் இதே வேலைக்குப் படிவம் நிரப்பி, பொறுப்பேற்க மாட்டோம் என்ற வாசகத்துக்குக் கீழே கையெழுத்திட்டு, ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். யாரும் நாற்காலி தர மாட்டார்கள், தே ஓ வாங்கித் தர மாட்டார்கள். ஆனால் ஒரு கோப்பின் பெயரிலும் கை வைக்க மாட்டார்கள். இங்கே நாற்காலியும் கிடைத்தது, தேநீரும் கிடைத்தது. மரியாதையில் எள்ளளவும் குறை சொல்ல முடியாது. கேட்க வேண்டிய ஒரே கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன தம்பி, ஃபோட்டோரெக் என்ற மென்பொருளைக் கார்டின்மேல் ஓட்டினார். அழிந்த படங்கள் பெரும்பாலும் எழுந்து வந்தன. ஆனால் அந்த மென்பொருள் கோப்புப் பட்டியலை நம்பாமல், கார்டில் உள்ள தரவையே துழாவிப் படத்தைக் கண்டுபிடிப்பது. ஆகவே படம் கிடைக்கும், பெயர் கிடைக்காது. எஃப் என்ற எழுத்தும் அதன் பின்னால் ஒரு நீண்ட எண்ணுமாக, படங்களுக்கு மூன்றாவது பெயர் வந்து சேர்ந்தது. பொறுமை அத்தோடு தீர்ந்தது.

பசார் (சந்தை) பக்கத்தில் உள்ள ஹேண்ட்போன் கடைக்குச் சித்திதான் அனுப்பி வைத்தார். அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கணினியைத் தொடுவதற்கு முன்பே, “பேரு எதுக்கு வேணும் அங்கிள், தேதி வரிசை போதாதா?” என்று கேட்டார். நோட்டைக் காட்டினேன். இரண்டு பக்கம் நிதானமாகப் படித்தார். பெயர் என்பது கோப்புக்கு வெளியே ஒட்டிய சீட்டு, அதைக் கிழித்தாலும் உள்ளே எழுதியது போகாது என்று விளக்கினார். ஜேபெக் கோப்புக்குள் எக்சிஃப் என்ற குறிப்பு இருக்கிறது. எடுத்த தேதியும் நேரமும் அதில் இருக்கும். பழைய பெயரைக் குறித்து வைக்கும் பொதுவான இடம் அதில் இல்லை. ஆனால் கேமராக் கம்பெனிகள் தங்களுக்கென்று அதற்குள் ஒரு பகுதியை வைத்திருக்கின்றன; கெனானின் சில மாடல்கள் அந்தப் பகுதியில் கோப்பு எண்ணையும் எழுதி வைக்கும்.

எக்சிஃப்டூல் என்ற மென்பொருளை அவர் இறக்கினார். ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் இலவசமாகத் தந்துவருவது. பொத்தானோ படமோ இல்லாத கறுப்புத் திரை. தண்டல் வீட்டுப் படத்தைக் கொடுத்தார். சரசரவென்று ஓடிய வரிகளுக்கு நடுவே நிறுத்தி விரல் வைத்தார்: ‘ஃபைல் நம்பர்: 100-0217’. சித்தப்பா திரையைப் பார்த்து எழுதிய அதே எண், அதே கோடு.

அதன் பிறகும் அவர் அவசரப்படவில்லை. எல்லாவற்றையும் வேறு கோப்புறையில் பிரதி எடுத்து, பத்துப் படங்களில் சோதித்து, நோட்டோடு என்னைச் சரிபார்க்கச் சொல்லி, அதன் பிறகே மொத்தத்துக்கும் ஒரே கட்டளையில் எண்ணைப் பெயராக மாற்றினார். ஸ்டூடியோ வெளிச்சமாக்கிய பிரதிகளில் இந்தக் குறிப்புகள் அடியோடு போயிருந்தன. சேமித்த செயலி அவற்றை உதறிவிட்டது. அவற்றுக்குக் கார்டிலிருந்து மீண்ட அசல் படங்கள் கைகொடுத்தன, அந்தத் தம்பிக்கும் ஒரு நன்றி உண்டு. கூலி பத்து வெள்ளி. நான் அதிகம் கொடுத்ததை வாங்க மறுத்தார். மெல்பர்னில் மணிக்கணக்கில் கட்டணம் போட்டிருப்பார்கள், அதுவும் நோட்டைப் படிக்காமல்.

நாள்காட்டியும் மின்விசிறியும் ஏறி உட்கார்ந்த இடத்தில் இருந்த சில படங்கள் மட்டும் தப்பவில்லை. அவற்றுக்கு வெளிச்சமான பிரதி இருக்கிறது. எண்ணும் இல்லை, நேரமும் இல்லை. சித்தி மூன்றாவது லயம் என்கிறார், அத்தை ஐந்தாவது லயம் என்கிறார். வழக்கு இப்போது குடும்ப வாட்சப் குழுவில் நடக்கிறது. படமாக அனுப்பினால் வாட்சப் பெயரை மாற்றி உள்குறிப்புகளையும் நீக்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அத்தை நேற்று இரவும் எட்டுப் படங்களைப் படமாகவே அனுப்பியிருக்கிறார். எல்லாவற்றின் பெயரிலும் இப்போது நேற்றைய தேதிதான் இருக்கிறது.